லிங்கன் முதன்முதல் வாக்குக் கேட்ட வரலாறு

குடியாட்சி நடைபெறும் நாடுகளிற் சட்டசபைத் தேர்தல் அடிக்கடி வந்து போகும் நிகழ்ச்சியாதலின், அதன் உட்பொருளை நின்று ஆராய்வார் சிலரே. அபேட்சகர் ஒருவர் வாக்காளர்முன் நின்று தமக்கு வாக்களிக்குமாறு வேண்டுங்கால் அவர் உண்மையிற் கேட்பது யாது? தம் கொள்கையை ஏற்குமாறு கேட்கின்றாரா? அன்றித் தம்மை நம்புமாறு கேட்கின்றாரா? இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை விளக்குதற்கு, ஆபிரகாம் லிங்கன் தம் இருபத்து மூன்றாம் வயதில் இல்லினாய் இராச்சியத்துச் சட்டசபைக்கு நின்று தோல்வியுற்ற 1832-ஆம் ஆண்டுத் தேர்தல் மிகவும் பொருந்திய எடுத்துக்காட்டாம். அப்பெரியார் 1861-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவரானதையும், 1865-இற் சுடப்பட்டு இறந்ததையும் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவர் முதலில் எவ்வாறு வாக்குக் கேட்டார், ஏன் தோற்றார், இரண்டாண்டு கழித்து ஏன் வென்றார் என்பவற்றை அறிந்தார் அத்துணைப் பலரல்லர்.

ஐக்கிய நாடுகளின் அரசியல் அமைப்பைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். வாஷிங்டன் மாநகரிற் கூடும் காங்கிரசு மகாசபை வேறு; ஒவ்வோர் இராச்சியத்திலும் தனித்தனியே கூடும் சட்டசபை வேறு. போர், அயல்நாட்டு உறவு, நாணயம் முதலியன முன்னதன் பொறுப்பு. சாலை, பள்ளி, கடன்வட்டி, ஆற்றுப் போக்குவரத்து என்றிவ்வாறு குடியானவன் நாள்தோறும் எதிர்ப்படுகின்ற செய்திகள் பெரும்பாலும் பின்னதன்பாற் பட்டன. இல்லினாய் 1818-இல் தனி இராச்சியமாக ஏற்கப்பட்டது. அதன் சட்டசபை அந்நாளில் வண்டேலியா என்னும் சிற்றூரிற் கூடிற்று. கீழ்ச்சபை அங்கத்தினர் ஈராண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டனர். லிங்கன் வாழ்ந்த சங்கமன் ஜில்லாவுக்கு 1832-இல் நான்கு இடங்கள் இருந்தன. ஜில்லா முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளன் ஒவ்வொருவனும் நால்வரைக் குறிப்பிடலாம். மிகுதியான வாக்குப் பெற்ற நால்வர் வெற்றியடைவர். அவ்வாண்டு அந்நான்கு இடங்களுக்குப் பதின்மூவர் போட்டியிட்டனர்.

இருபத்தொரு வயது நிரம்பி ஆறு திங்கள் அவ்விராச்சியத்தில் வாழ்ந்த வெள்ளையாடவர் யாவர்க்கும் வாக்குரிமை இருந்தது. நிலமோ பொருளோ உடைமை வேண்டும் என்னும் விதி இல்லை. இஃது அக்காலத்து நிலையிற் பெருந்தன்மையான ஏற்பாடே. எனினும் பெண்டிர்க்கு உரிமையில்லை, கறுப்பர்க்கும் இல்லை. மக்களாட்சி என்னும் பெயரால் வழங்கிய அதனில் மக்களுட் பெரும்பாலோர் வாய் திறத்தற்கு இடமில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

வாய் திறத்தல் என்றது வெறும் அணியன்று. வாக்களிக்கும் முறையே அவ்வாறு இருந்தது. வாக்குச் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை, மறைவிடமும் இல்லை. வாக்காளன் தேர்தல் அதிகாரிகள் அமர்ந்திருக்கும் மேசைமுன் சென்று, தன் பெயரையும் தான் விரும்பும் அபேட்சகரின் பெயரையும் யாவரும் கேட்க உரத்துச் சொல்லுவான். எழுத்தர் அதனைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே குறித்துக்கொள்வர். அவனுக்குக் கடன் கொடுத்தவனும், அவனை வேலைக்கு வைத்தவனும், அவன் ஒதுக்கிய அபேட்சகருங்கூட அருகில் நின்று கேட்டுக்கொண்டிருத்தல் கூடும். 'வாக்கு' என்னும் நம் சொல் அம்முறைக்கு எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது! இம்முறையால் எளியவர்க்கு அச்சமும் வலியவர்க்கு வாய்ப்பும் உண்டாயின என்பதில் ஐயமில்லை. மறைவு வாக்கே சிறந்தது என்று பிற்காலத்தார் கண்டது நன்றே. ஆனால் வெளிப்படையாகச் சொல்லிய அவ்வாக்குகள் ஒருவனை அவன் அயலார் எவ்வாறு மதித்தனர் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

கட்சிக் கூட்டங்கூடி அபேட்சகரை நியமிக்கும் வழக்கமும் அவ்விடத்தில் அந்நாளில் வேரூன்றவில்லை. நிற்க விரும்புவோன் தானே பத்திரிகையில் தெரிவித்துக்கொள்ளலாம். லிங்கன் அவ்வாறே செய்தார்.

அவர் அதற்கு முந்திய ஆண்டிலேதான் நியூ சேலம் என்னும் ஊர்க்கு வந்தவர். (நம் சேலம் நகர்க்கும் இவ்வூர்க்கும் பெயரொலி ஒற்றுமையன்றி வேறு தொடர்பில்லை.) கெண்டக்கியில் 1809 பிப்ரவரி 12-ஆம் நாள் மரக்கட்டைகளால் அமைந்த குடிசையிற் பிறந்து, இந்தியானாக் காட்டில் மரம் வெட்டி வளர்ந்து, 1830-இல் தந்தையுடன் இல்லினாய்க்குக் குடியேறியவர். பள்ளியில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது என்று பின்னாளில் தாமே எழுதினார். 1831-இற் சரக்கேற்றிய தட்டைப் படகொன்றைச் சங்கமன் ஆற்றின் வழியே செலுத்திச் செல்லுங்கால், நியூ சேலத்து ஆலையின் அணையில் அது தட்டி நின்றுவிட்டது. அவர் படகின் முன்புறத்தில் துளையிட்டு, உட்புகுந்த நீரை வெளிப்படுத்தி, அதனை அணைக்கு அப்பால் இறக்கினார். அவ்வூரார் அவரை முதன்முதற் கண்டது அப்போதே. பின்னர் அவர் அங்கே டென்டன் ஆப்பட் என்பவரின் கடையிற் கணக்கும் விற்பனையும் பார்த்து வந்தார். ஊரில் வந்து ஓராண்டு நிரம்பாத கடைச் சிற்றாள் ஒருவன் சட்டசபைக்கு நிற்பதென்றால் நம்மிற் பலர் நகைப்போம். அங்கும் நகைத்தார் இருந்திருப்பர். ஆனால் நிற்குமாறு அவரைத் தூண்டிய அயலாரும் இருந்தனர்.

1832 மார்ச்சு 9-ஆம் நாளிட்டு அவர் வாக்காளர்க்கு எழுதிய விண்ணப்பம் ஸ்பிரிங்பீல்டில் வெளிவந்த சங்கமோ ஜர்னல் என்னும் பத்திரிகையில் அம்மாதம் 15-ஆம் நாள் பதிப்பிக்கப்பட்டது. இவ்விண்ணப்பமே நம் ஆராய்ச்சிக்கு முதன்மையானது. வாக்குக் கேட்போர் இயல்பாக எழுதுவது போல் இஃது இல்லை.

முதலாவது, ஆற்றைப் பற்றியது. சங்கமன் ஜில்லாவின் விளைபொருள் வெளியே செல்வதற்கு நல்வழி இல்லாமையே அங்குள்ளார்க்குப் பெருங்குறை. இல்லினாய் ஆற்றங்கரையிலிருந்து ஸ்பிரிங்பீல்டு வரை இருப்புப் பாதை அமைக்கவேண்டும் என்று பலர் ஆர்வத்தோடு பேசிவந்தனர். லிங்கன் இருப்புப் பாதையின் நன்மைகளை ஒப்புக்கொண்டார். ஆற்றுவெள்ளம், வறட்சி, உறைபனி எவற்றாலும் அது தடைப்படாது என்றும் கூறினார். ஆனால் அதற்கு 290,000 டாலர் செலவாகும் என்று மதிப்பிட்டிருப்பதைச் சுட்டி, ஏழை ஜில்லாவுக்கு அஃது எட்டாக் கனி என்றார். அதற்கு மாறாக ஆற்றையே செப்பனிடலாம், வளைவுகளை வெட்டி நேராக்கலாம், மிதக்கும் மரங்களை நீக்கலாம் என்றார். இதனை அவர் ஏட்டறிவால் உரைக்கவில்லை. படகு செலுத்தியும் ஆலையருகே இருந்தும் பன்னிரண்டு திங்களாக அந்நீரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தம்மளவு கூர்ந்து நோக்கியவர் வேறொருவர் இருத்தல் அரிது என்று தயக்கமின்றிச் சொல்லிக்கொண்டார். அடுத்த வரிகளிலேயே, அவ்வேலைக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது தமக்குத் தெரியாது என்றும் எழுதினார்! வாக்குக் கேட்கும் ஒருவர் தம் முதன்மையான திட்டத்தின் செலவு தமக்குத் தெரியாதென்று அச்சிற் போடுவது எத்துணை அருமை!

இரண்டாவது, கடன்வட்டி. கொடிய வட்டியைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றார். அதனோடு நில்லாது, மிகுந்த முடை வந்தவிடத்து அச்சட்டத்தை ஏய்க்க மக்கள் வழி கண்டுகொள்வர் என்றும் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது, கல்வி. ஒரு மக்கட்கூட்டம் கருதற்குரிய பொருள்களுட் கல்வியே தலைசிறந்தது என்பது அவர் கருத்து. ஒவ்வொருவனும் தன் நாட்டு வரலாற்றையும் பிறநாட்டு வரலாற்றையும் கற்றுத் தன் உரிமைகளின் மதிப்பை உணரும் அளவுக்கேனும் கல்வி பெறல் வேண்டும். வேதாகமத்தைத் தானே படிக்கும் பேறும் இதனில் அடங்கும். இங்ஙனம் கூறியவர், இதற்குரிய திட்டம் இன்னதென வரையறுத்து உரைக்கத் துணியவில்லை. ஓராண்டும் பள்ளியில் இருந்திராத ஒருவரின் கூற்றாக இதனைப் படிக்குங்கால், கல்லூரியில் இருக்கும் நமக்குச் சிறிது நாணம் உண்டாகின்றது.

முடிவுரையில் அவர் தம்மைப் பற்றிப் பேசினார். மக்களின் உண்மையான நன்மதிப்பை, அதற்குத் தகுதியாகி நின்று பெறவேண்டும் என்பதே தம் பேரவா என்றார். தாம் இளைஞர், பலர்க்கு அறிமுகம் இல்லாதவர், எளிய குடியிற் பிறந்தவர், பரிந்து பேசச் செல்வரான உறவினர் இல்லாதவர் என்பவற்றை வெளிப்படையாக உரைத்தார். தம் கருத்துக்கள் பிழைபட்டன என்று தெரிந்தால் அவற்றைக் கைவிடவும் ஆயத்தமாக இருப்பதாகக் கூறினார். மக்கள் தம்மைப் பின்னே நிறுத்திவைப்பின், ஏமாற்றங்களோடு முன்னரே நன்கு பழகியவராதலால் மிகவும் வருந்தப்போவதில்லை என்று முடித்தார்.

இவ்விண்ணப்பம் வெளிவந்த சில நாட்களுக்குள்ளேயே ஆறு தன் விடையைத் தந்துவிட்டது. தாலிஸ்மன் என்னும் நீராவிப் படகு அம்மார்ச்சு மாதத்திற் சங்கமன் ஆற்றில் ஏறி வந்தது. ஸ்பிரிங்பீல்டு மக்கள் களிகூர்ந்தனர். விருந்தும் ஆடலும் நடந்தன. லிங்கன் கோடரி தாங்கிய ஆட்களுடன் முன்சென்று, ஆற்றின்மேற் சாய்ந்த கிளைகளை வெட்டி அப்படகிற்கு வழிசெய்தார். ஒரு கிழமைக்குள் நீர் வற்றத் தொடங்கிற்று. படகைத் திருப்புதற்கும் அகலம் இல்லை, பின்புறமாகவே இறக்கவேண்டியதாயிற்று. அதனை நடத்திச்சென்ற வழிகாட்டிகள் இருவருள் லிங்கன் ஒருவர். அதற்கு நாற்பது டாலர் கூலி பெற்றார். நியூ சேலத்து அணையின் ஒரு பகுதியைப் பெயர்த்தாலன்றிப் படகு செல்லாதென்று கண்டு அதனையும் பெயர்த்தனர். தம் முதன்மைத் திட்டம் நிறைவேறுமா என்னும் ஐயத்தை ஜில்லா முழுவதும் கண்ணாற் கண்டுகொண்ட இடத்தில், அதனை வகுத்த அபேட்சகரே சுக்கான்பக்கம் நின்றார்.

இது நிற்க. தேர்தலுக்கு நான்கு திங்கள் இருக்கையிற் பிளாக் ஹாக் என்னும் செவ்விந்தியத் தலைவரோடு போர் மூண்டது. இழந்த தம் நிலத்துக்கு மீண்டு வந்த அம்மக்கள்மேற் படை செலுத்தியது நீதியா என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். லிங்கன் ஏப்ரலில் தொண்டர் படையிற் சேர்ந்தார். அப்படைஞர் தம் தலைவனைத் தாமே தெரிந்துகொள்வது வழக்கம். விரும்பியவர் பின்னே சென்று வரிசையாக நிற்பர். அவர்கள் லிங்கன் பின்னே நின்றனர். அதன் பிறகு தாம் பெற்ற எவ்வெற்றியும் தமக்கு அத்துணை மகிழ்ச்சி தரவில்லை என்று அவர் 1859-இல் எழுதினார். அப்போது அவர் காங்கிரசு மகாசபையிலும் இருந்து வந்துவிட்டார் என்பதை நோக்குக. போரில் அவர் பகைவரைக் கண்டிலர். கொசுக்களோடு பலமுறை குருதி சிந்திப் போராடியதாக 1848-இல் மகாசபையிற் பேசுங்கால் தம்மைத் தாமே எள்ளி நகையாடினார்.

ஜூலையிற் படை கலைந்தது. ஊர் திரும்பும் வேளையில் அவர் குதிரையும் களவு போய்விட்டது. பெரும்பகுதி நடந்தும், ஓடத்திலும் வந்து சேர்ந்தார். தேர்தல் ஆகஸ்டு 6-ஆம் நாள். வாக்குக் கேட்பதற்கு எஞ்சியவை ஏறக்குறைய இரண்டு கிழமைகளே. பிற அபேட்சகருட் சிலர் போர்க்குச் சென்றிருந்தனராயினும், அவர்கள் ஜில்லா முழுவதும் பெயர் பெற்றவர்கள். லிங்கனை நியூ சேலத்துக்கு வெளியே முகம் அறிந்தார் மிகச் சிலர்.

அவ்விரண்டு கிழமையிற் பாப்ஸ்வில் என்னும் இடத்தில், ஏலங் கூடிய கூட்டத்தில் அவர் பேசியதை அவர் நண்பர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். கை குட்டையான முரட்டுச் சட்டை, நார்த்துணிக் கால்சட்டை, வைக்கோல் தொப்பி இவற்றோடு நெடிய உருவம் ஒன்று மேடையேறிற்று. பேசத் தொடங்குகையிற் கூட்டத்திற் கைகலப்பு நேர்ந்தது. தம் நண்பர் அடிபடுவதைக் கண்ட லிங்கன் இறங்கிச் சென்று, அடித்தவனைக் கழுத்திலும் அரையிலும் பற்றித் தூக்கி எறிந்துவிட்டு, மீண்டும் மேடையேறிச் சில சொற்களிற் பேச்சை முடித்தார் என்பர். மக்கள் அவர் வட்டிக் கொள்கையை நினைவில் வைத்திருந்தனரோ இல்லையோ, அந்த எறிதலை முப்பதாண்டு கழித்தும் மறந்திலர்.

முடிவு வந்தது. பதின்மூவருள் லிங்கன் எட்டாமவர். பெற்ற வாக்கு 657. வென்ற நால்வருட் கடையராகிய பீட்டர் கார்ட்ரைட் பெற்றவை 815. இவர் மெதடிஸ்டு சபைப் போதகர். குதிரைமேலேறிக் காடும் ஆறும் கடந்து குடியேறிகளுக்கு நற்செய்தி உரைத்த அக்காலத்துச் சுற்றுப் போதகருட் புகழ் வாய்ந்தவர். அடிமை வழக்கத்தை வெறுத்துக் கெண்டக்கியை விட்டு இல்லினாய்க்கு வந்தவர். ஜில்லாவில் அவர் குரலைக் கேளாதவர் அரியர். பதினான்கு ஆண்டு கழித்து, 1846-இல், இவ்விருவரும் காங்கிரசு மகாசபை இடத்துக்கு எதிரெதிராக நின்றனர். அப்போது லிங்கன் கிறிஸ்துமதத்தை இகழ்பவர் என்னும் பேச்சுப் பரவிற்று. அவர் தாம் எந்தச் சபையிலும் அங்கத்தினர் அல்லர் என்பதை மறையாது ஒப்பி, வேதத்தின் உண்மையை ஒருகாலும் மறுத்ததில்லை என்று அச்சிட்டு வெளியிட்டார். அம்முறை லிங்கனே வென்றார். போதகர் ஒருவர் தேர்தலில் நிற்பதே தகுமா என்று வினவுவார் நம் சபைகளிலும் உளர். நிற்பது தகும் என்றே யான் கருதுவேன். ஆனால் எதிர்நிற்பவரின் விசுவாசத்தை அளந்து பார்க்கும் வேலையை வாக்கு மேடைக்குக் கொண்டுவருதல் தகாது.

மீண்டும் 1832-க்கு வருவோம். 657 வாக்குகளில் 277 வாக்குகள் நியூ சேலம் என்னும் ஒரே சாவடியிலிருந்து வந்தவை. அச்சாவடியில் வாக்களித்தவர் ஏறக்குறைய முந்நூற்றுவரே. பரந்த ஜில்லாவின் மற்றைச் சாவடிகள் எல்லாம் சேர்ந்து அவர்க்கு அளித்தவை 380. இவ்வெண்களை ஒருமுறைக்கு இருமுறை நோக்குதல் வேண்டும். லிங்கன் ஹென்றி கிளே என்பாரின் அரசியலைப் பின்பற்றியவர்; அதனை மறைத்தவரும் அல்லர். ஆயின் அதே சாவடி, சில திங்கள் கழித்து நடந்த நாட்டுத் தலைவர் தேர்தலிற் கிளேக்கு எதிராக நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 115 வாக்கு மிகுதியாகத் தந்தது. 1860-இல் தம் வரலாற்றைச் சுருங்க எழுதிய லிங்கன் இதனை மறவாது குறித்தார். மக்கள் நேரே அளித்த வாக்கினால் தாம் தோற்றது அவ்வொரு முறையே என்றும் எழுதினார்.

ஆகவே நியூ சேலத்தார் அவர் கொள்கைக்கு வாக்களித்தனர் என்று சொல்ல இயலாது. இருப்புப் பாதையா, ஆறா என்பதைப் பற்றி அவர்கள் ஒருமனப்பட்டிருந்தனர் என்றும் கொள்ளுதற்கில்லை. நிறுக்கும் தட்டும், அளக்கும் முழமும் அவர் கையில் எவ்வாறு இருந்தன என்பதை அவர்கள் கடையில் நின்று கண்டவர்கள். அம்மனிதனுக்கு, எதிர்க்கட்சியார் கேட்டுக்கொண்டிருக்கையிலேயே, உரத்த குரலால் தம் வாக்கைக் கொடுத்தனர். நியூ சேலத்துக்கு வெளியே இருந்தவர்க்கோ அவர் அச்சில் வந்த ஒரு பெயர் மட்டுமே. அவ்வச்சில் அவர் நேர்மையாகத் தம் அறியாமையையும் சொல்லியிருந்தார். நேர்மை என்பது பேசுபவனை முன்னமே அறிந்தவர்க்குத்தான் நேர்மையாகத் தோன்றும்; அறியாதவர்க்கு அது வலிமையின்மையாகத் தோன்றுதலும் கூடும். கொள்கை அறிக்கைகளைக் கொண்டே வாக்காளர் தீர்ப்பளிக்கின்றனர் என்று அரசியல் நூல்களிற் படிக்கின்ற நமக்கு இஃது இனிக்கும் செய்தியன்று.

அடுத்த இரண்டாண்டும் லிங்கனுக்குக் கடையும் கடனுமாகவே கழிந்தன. பங்காளி ஒருவருடன் நடத்திய கடை அழிந்தது. அதனால் வந்த கடனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் ஆயின. எனினும் 1833 மே மாதத்தில் அவர் ஊர்த் தபால் அதிகாரியாக நியமனம் பெற்றார். கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார் என்பர். அவ்வாண்டிலேயே ஜில்லா நில அளவையாளரின் உதவியாளரும் ஆனார். அவ்வேலையைத் தந்த ஜான் கால்ஹூன் ஜாக்சன் கட்சியினர். சங்கிலியும் திசைகாட்டியும் கொண்டு ஒருவரின் நிலத்து எல்லையைக் காட்டுபவன் எத்தன்மையன் என்பதை அந்நிலத்துக்குரியவனும் அறிவான், அயல்நிலத்தானும் அறிவான். இருவரும் ஒருவனை நம்புவதாயின் அதனினும் பெரிய நற்சான்று வேறு வேண்டா. ஜில்லாவின் மூலைமுடுக்கெல்லாம் லிங்கன் நடந்தது வாக்குக் கேட்பதற்காக அன்று, கூலிக்காக. ஆனால் அவர் முகம் அவ்வழியே அறியப்படலாயிற்று.

1834-இல் மீண்டும் நின்றார். இம்முறை முன்போல் நீண்ட அறிக்கை ஒன்றும் அவர் வெளியிட்டதாகத் தெரியவில்லை. ஆறும் இல்லை, வட்டியும் இல்லை. கைகுலுக்கலும் கதைகளும் உழைப்புமே இருந்தன. ஐலண்ட் குரோவ் என்னுமிடத்தில் முப்பதுபேர் கதிரறுத்துக் கொண்டிருந்தனர். தம்மோடு ஒத்து அறுவடை செய்ய மாட்டாதவனுக்கு வாக்கில்லை என்றனர் சிலர். அவ்வளவுதானா வேண்டுவது என்று சொல்லி, லிங்கன் நீண்ட அரிவாளை வாங்கி வயல்முழுதும் முன்சென்று அறுத்தார். அங்கிருந்தவருள் ஒருவர் வாக்கும் தவறவில்லை என்று உடனிருந்த நண்பர் கூறினார்.

இதனினும் நுணுக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஜாக்சன் கட்சியார் லிங்கனிடம் வந்து, தம் அபேட்சகர் இருவரை விலக்கி அவ்வாக்குகளை அவர்க்கு அளிப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் நோக்கம் லிங்கனை உயர்த்துவதன்று. அவர் நண்பரும் உடன் அபேட்சகருமாகிய ஜான் ஸ்டூவர்ட்டை வீழ்த்துவது. லிங்கன் நேரே ஸ்டூவர்ட்டிடம் சென்று அதனைச் சொன்னார். தம் வலிமையில் நம்பிக்கை கொண்ட ஸ்டூவர்ட், அவ்வாக்குகளை ஏற்றுக்கொள்ளுமாறு சொல்லிவிட்டார். இவ்வரலாற்றைப் பின்னாளிற் கூறியவர் ஸ்டூவர்ட்டே. லிங்கன் 1376 வாக்குப் பெற்று இரண்டாமவராக வந்தார். முதல்வர்க்கும் அவர்க்கும் இடையே பதினான்கு வாக்குகளே வேறுபாடு. ஸ்டூவர்ட் 1164 வாக்கோடு நான்காம் இடத்தைப் பற்றிக்கொண்டார். லிங்கன் செய்தது குற்றமன்று. நண்பர்க்கு மறைக்கவும் இல்லை. ஆயினும் அவரைத் தூயவராகவே எழுதிச் செல்லும் நூல்கள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன. கணக்கறிந்த அரசியலாளர் ஒருவர் அவருள் அப்போதே இருந்தார் என்பதை நாம் ஏன் மறைத்தல் வேண்டும்?

வென்றவர்க்கு வண்டேலியாவுக்கு உடுத்துச் செல்ல நல்ல உடை இல்லை. அயலார் ஒருவரிடம் இருநூறு டாலர் கடன் பெற்றுச் சட்டை தைத்துக்கொண்டு சென்றார்.

நம்பிக்கை பெற்ற பின் அதனைக் கொண்டு அவர் என் செய்தார் என்பதே இனி நோக்கற்பாலது. 1836-இல் மீண்டும் நிற்கையில், எதிர்ப்பக்கத்து ராபர்ட் ஆலன் என்பவர், லிங்கனின் பெயரைக் கெடுக்கும் செய்திகள் தம்மிடம் உள்ளன, அவர்மீதுள்ள அன்பால் அவற்றை வெளியிடவில்லை என்று பேசித் திரிந்தார். லிங்கன் அவர்க்குக் கடிதம் எழுதினார். தமக்குக் காட்டும் அவ்வன்பு பொதுமக்களுக்குச் செய்யும் அநீதியாகும். மக்கள் நம்பிக்கையை இழக்கத்தக்க செயல் ஒன்றைத் தாம் செய்திருப்பின் அதனை மறைப்பவர் நாட்டின் நலத்துக்குத் துரோகி ஆவார். ஆதலால் அவற்றை வெளியிடுக என்று கேட்டார். அவ்வாண்டே பத்திரிகைக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில், அரசின் சுமையைத் தாங்குவோர் அதன் உரிமையிலும் பங்கு பெறல் வேண்டும் என்றும், வரி செலுத்தும் அல்லது படைக்கலம் தாங்கும் வெள்ளையர்க்கு வாக்குரிமை வேண்டும் என்றும், அதிற் பெண்டிரை விலக்கவில்லை என்றும் கூறினார். கறுப்பர் அவ்வரியில் இல்லை. இருபத்தேழு வயதில் அவர் கண் அவ்வளவே திறந்திருந்தது.

1837 ஜனவரியில் இல்லினாய்க் கீழ்ச்சபை அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆதரித்தவர் 77, எதிர்த்தவர் 6. அவ்வறுவருள் லிங்கன் ஒருவர். மார்ச்சு 3-ஆம் நாள் அவரும் டான் ஸ்டோன் என்பவரும் கையெழுத்திட்டு ஓர் எதிர்ப்புரையைச் சபைக் குறிப்பிற் பதிவு செய்தனர். அடிமை வழக்கம் அநீதியின்மேலும் தீய கொள்கையின்மேலும் நிறுவப்பட்டது என்பது அவர்கள் துணிபு. ஒழிப்புக் கொள்கையைப் பரப்புதல் தீமையைக் குறைப்பதற்கு மாறாக மிகுவிக்கும் என்றும் அதிலேயே எழுதினர். இன்று நமக்கு அஃது அச்சமுற்ற சொல்லாகப் படுகின்றது. ஆயினும் கென்டக்கியிலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் வந்த குடிகள் நிறைந்த அவ்விடத்தில் 'அநீதி' என்னும் ஒரு சொல்லைத் தம் பெயரோடு எழுதி வைப்பதற்கு அங்கத்தினருள் இருவரே முன்வந்தனர்.

அடுத்த ஆண்டுத் தேர்தலிற் சங்கமன் ஜில்லா லிங்கனை மீண்டும் சட்டசபைக்கு அனுப்பிற்று, 1840-இலும் அனுப்பிற்று. எதிர்ப்புரையை அவர்கள் பாராட்டியதே காரணம் என்று கூறுதற்குச் சான்றில்லை. அந்த 1837-ஆம் ஆண்டுக் கூட்டத்திலேதான் இராச்சியத்தின் தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்பீல்டுக்கு மாற்றும் சட்டத்தை லிங்கனும் அவர் தோழரும் நிறைவேற்றித் தந்தனர். ஜில்லாவில் நிலத்தின் விலை ஏறும் என்பது யாவர்க்கும் தெரிந்ததே. வாக்களித்தவர் எதனை எண்ணி அவர் பெயரைச் சொன்னார்கள் என்பதைப் பதிவேடு குறிப்பதில்லை.